திருகோணமலை நகருக்கு வெளியே குறைந்த வாடகைக்கு வீடு தேடுவது எப்படி?

இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வரும் சிறு குடும்பம் நகருக்கு வெளியே கட்டுப்படியான வாடகை வீட்டை எப்படிப் பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை சுற்றுலாக் காலம். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் நாள் வாடகைக்கே ஆள் வரும்போது மாத வாடகைக்காரரை வீட்டுக்காரர் கணக்கெடுக்க மாட்டார். ஒக்டோபரில் அதே அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி) பூட்டிக் கிடக்கும், அப்போது பேரம் படியும். ஆனால் அடுத்த சீசனுக்கு எழுப்பிவிடும் எண்ணத்தோடு கொடுப்பவர்களும் உண்டு. 12 மாதம் என்று எழுத்தில் வாங்காமல் சாமான் இறக்காதீர்கள். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு பாலையூற்று, அன்புவெளிபுரம், ஆண்டாங்குளம் போன்ற இடங்களே நல்லது என்பேன். அங்கே சீசன் தொல்லை இல்லை.

நல்ல வீடுகள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீட்டை ஒரு சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். சந்திக் கடையிலும் கோயிலடியிலும் விசாரித்தால் தெரியவரும். அப்படியான வீட்டுக்கு, கையெழுத்து வைப்பவரிடம் அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரருக்காகக் கையெழுத்து வைக்க எழுத்தில் கொடுத்த அதிகாரம்) இருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். தரகர் மூலம் போனால் தரகுக் காசை வீடு பார்க்க முன்பே பேசி முடியுங்கள்.

வீட்டை மழை நாளில் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழை. தாழ்ந்த வளவு எது என்று அப்போது தெரிந்துவிடும். வெயில் காலத்தில் பார்ப்பதானால், சுவரின் அடியில் பெயின்ற் எந்த உயரம் வரை பொருமியிருக்கிறது என்று கவனியுங்கள். கதவு நிலையின் அடியை நகத்தால் அழுத்துங்கள்: ஊறிய மரம் பதியும்.

கிணற்றுத் தண்ணீரைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், கடலோரம் என்றால் இன்னும் கட்டாயம். ஒகஸ்ட், செப்ரெம்பரில் தண்ணீர் இறங்க இறங்க உவர் கூடும். வாயில் விட்டுப் பாருங்கள், சவர்க்காரம் நுரைக்கிறதா பாருங்கள், வீட்டில் பழைய கேத்தல் இருந்தால் அடியில் வெள்ளைப் படிவு எவ்வளவு என்று பாருங்கள். மணல் நிலத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள். குழாய்த் தண்ணீர் இருந்தால் எந்த நேரம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

பலர் ஏமாறுவது மின் மீற்றரில். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் விலைப்படியே மாறிவிடும். ஒரே மீற்றரில் மூன்று குடும்பம் 50 யூனிற் வீதம் பாவித்தால் பில் 150 யூனிற்றுக்கு வரும். தனி மீற்றர் என்றால் நீங்கள் குறைந்த படியிலேயே நின்றிருப்பீர்கள். வீட்டுக்காரர் பொருத்தும் உப மீற்றர் யூனிற்றைப் பிரிக்கும், விலையைக் குறைக்காது. ஆகவே தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுங்கள். திறப்பு வாங்கும் நாளிலேயே மீற்றர் இலக்கத்தைப் படம் எடுத்து, நிலுவை இல்லாத கடைசி பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தைச் சாதாரணத் தாளில் முத்திரை ஒட்டி எழுதுவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். செலவைப் பாதிப் பாதியாகப் பேசிக்கொள்ளலாம். முற்பணம் மாதாமாதம் வாடகையில் கழியுமா, வெளியேறும்போது திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும், மோட்டர் பழுதானால் யார் செலவு என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். ஆறு மாத முற்பணம் கேட்டால், அதை மூன்றாகக் குறைத்து வாடகையைச் சிறிது கூட்டிக் கேட்டுப் பாருங்கள். கையில் காசு குறைவானவர்களுக்கு அதுதான் தோது.

கிராம உத்தியோகத்தரிடம் பதிய வீட்டுக்காரர் சம்மதமா என்பதையும் அன்றே கேளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வதிவிடத்தை அத்தாட்சிப்படுத்த வேண்டி வரும்.