வாசகர் கேள்வி: ஓட்டுநர் இல்லாத கார் ஏன் தாமதமாகிறது?

கேள்வி: ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் விரைவில் வரப்போகிறது என்று பள்ளி நாள்களிலிருந்தே படித்து வருகிறேன். கேமராவும் கணினியும் இவ்வளவு வளர்ந்த பிறகும் அது எல்லா ஊர்களுக்கும் வராதது ஏன்?

பதில்: உங்கள் வியப்பு நியாயமானதே. 1995-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழுவினர் மியூனிக்கிலிருந்து டென்மார்க் வரை ஒரு மெர்சிடிஸ் காரை, வழியின் பெரும்பகுதியில் மனிதக் கை படாமலே ஓடவிட்டார்கள். நெடுஞ்சாலையில் அதன் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தொட்டது. 2004 மார்ச்சில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா மொஜாவே பாலைவனத்தில் நடத்திய போட்டியில் எந்த வண்டியாலும் 12 கிலோமீட்டரைக்கூட எட்ட முடியவில்லை. ஆனால் மறு ஆண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் முடித்து 20 லட்சம் டாலர் பரிசைப் பெற்றது.

பாலைவனத்துப் பாறை இருந்த இடத்திலேயே இருக்கும். நகரத்துத் தெருவில் இருப்பவர்கள் மனிதர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பார்ப்பதில் இந்தக் கார்கள் நம்மைவிடத் தேர்ந்தவை. லைடார் கருவி அனுப்பும் லேசர் ஒளி 60 மீட்டர் தொலைவிலுள்ள பொருளில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் 25 லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகும். அந்த நேரத்தை அளந்து, பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கார் இருட்டிலும் கணக்கிட்டுவிடும். ஆனால் அது என்ன, அடுத்த நொடி எங்கே போகும் என்பதை லைடார் சொல்லாது. மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, 2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் டெம்பி நகரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை, உபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கண்டுவிட்டது. முதலில் வாகனம் என்றது, பிறகு இனம் தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. முடிவை மாற்றிய ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்து வந்த பாதையைக் கணக்கில் கொள்ளாமல் புதிதாகத் தொடங்கியது. பாதசாரிகள் குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே சாலையைக் கடப்பார்கள் என்று எழுதப்பட்ட மென்பொருள் அது. ஆபத்து உறுதியான பிறகும், வீணாகப் பிரேக் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு நொடி காத்திருக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் பார்வை சாலையில் இல்லை. அப்பெண்மணி உயிரிழந்தார். அந்த விசாரணை அறிக்கையைப் படித்தபோது என் மனத்தை உறுத்தியது, ஐந்து நொடிக்கும் மேலாகக் கண்ணெதிரே இருந்த ஒருவரை மனிதராக அந்தக் கணினி ஒரு முறைகூட அடையாளம் காணவில்லை என்பதே.

இதனால் தொழில்நுட்பமே வீண் என்று நான் சொல்லவில்லை. 2020 அக்டோபர் முதல் வேமோ நிறுவனம் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநரே இல்லாத கார்களில் பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. ஆனால் அந்தக் கார்கள் ஓடும் பகுதி, முன்கூட்டியே மிக நுணுக்கமாக வரைபடமாக்கப்பட்டது. ஒவ்வொரு புதிய ஊரிலும் இந்த உழைப்பை மீண்டும் செய்தாக வேண்டியிருப்பதால்தான் தாமதம். உயிர்கள் சம்பந்தப்பட்ட இவ்விஷயத்தில் அந்தத் தாமதம் தேவையானது என்பதே என் கருத்து.

கேள்வி: என் புதிய கார் முன்னே செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்கிறது, ஸ்டியரிங்கையும் தானே திருப்புகிறது. இதுவும் தானியங்கி கார்தானே?

பதில்: இல்லை. 0 முதல் 5 வரையிலான பன்னாட்டு வகைப்பாட்டில் இது 2-ஆம் நிலை. ஓட்டுபவர் நீங்கள்தான், கார் உதவி செய்கிறது, அவ்வளவே. குறிப்பாக, ரேடாரை நம்பும் இத்தகைய அமைப்புகள் பல, அறிவிப்புப் பலகைக்கும் பாலத்துக்கும் தேவையின்றிப் பிரேக் பிடிக்காமல் இருப்பதற்காக, வேகமாகச் செல்லும்போது அசையாத பொருள்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. அதனால் உங்கள் தடத்திலேயே பழுதாகி நிற்கும் லாரியையும் அது பொருட்படுத்தாமல் போகலாம். காருடன் வந்த கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று, அடுத்த நெடும்பயணத்துக்கு முன் அன்புகூர்ந்து பார்த்துவிடுங்கள்.