மகள் பயோடெக்னாலஜி எடுக்கட்டுமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம். நீட் கைகூடவில்லை, மகள் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர்ந்து ஜீன்களைப் பற்றி ஆராயப்போவதாகச் சொல்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம்தான். ரத்தப் பரிசோதனை மையங்கள்கூட எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படித்தவர்களைத்தான் தேடுகின்றன. முதுகலை, அப்புறம் பிஎச்.டி. என்று பத்து வருடம் படிக்கத் தயாரென்றால் தாராளமாக விடுங்கள்.

அவள் ஆசைப்படுவது வெற்றுக் கனவு இல்லை. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்த ஜீன் எங்கே வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினில் உள்ள பரம்பரைப் பழுதால் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் நோய் அது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் அதை அடக்கிவிடுகிறது. நோயாளியின் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, ரத்தச் செல்களில் அந்தப் புரதத்தைத் தூண்டிவிடும் டிஎன்ஏ பகுதியை கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியால் வெட்டித் திரும்பச் செலுத்தினால், பழுதில்லாத அந்தப் பழைய ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. 'காஸ்ஜெவி' என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த நோய் இருப்பது 1952-லேயே பதிவானது. அவர்களுக்கு எட்டும் விலையில் ஒன்றைச் செய்ய ஆள் வேண்டாமா?

கல்லூரி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாடத்தின் பெயரையும் கட்டடத்தையும் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி யாரையாவது நிறுத்தி, "நீயே பைப்பெட் பிடித்து பிசிஆர் போட்டு, ஜெல் ஓட்டியிருக்கிறாயாம்மா?" என்று கேளுங்கள். டிஎன்ஏவை நகலெடுத்து, அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் அடிப்படைப் பயிற்சி அது. "சார் செய்து காட்டினார்" என்றால் வேறு கல்லூரி பாருங்கள். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஐஏடி நுழைவுத் தேர்வு எழுதியிருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

பட்டம் முடிந்ததும் எம்.எஸ்சி.க்கு ஜாம், காட்-பி என்ற நுழைவுத் தேர்வுகள். பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆக பிஎச்.டி. செலவு உங்கள் தலையில் விழாது. இடைப்பட்ட காலத்தில் புள்ளியியலும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கு மரபணு ஆய்வில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான், ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் அது கை கொடுக்கும்.

நீட்டை மறுபடி எழுதவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவள் கேட்டால் எழுதட்டும். நீங்களாகச் சொல்ல வேண்டாம்.