பூண்டு மூட்டைக்கு நடுவுல 22 கிலோ: தம்பிக்கு ஜாமீனே கிடைக்காதா?

கேள்வி: வக்கீல் சார், நாங்க பூம்பாறை. என் தம்பி பூண்டு லோடு ஏத்திக்கிட்டு வடுகபட்டி சந்தைக்கு பிக்கப் ஓட்டுறவன். மலை இறங்குறப்ப மூட்டைக்கு நடுவுல 22 கிலோ கஞ்சா இருந்துச்சுன்னு புடிச்சிட்டாங்க, அந்த சாக்கு யாரு ஏத்துனதுன்னே தெரியாதுங்கிறான். 14 மாசமா மதுரை ஜெயில்ல இருக்கான், ரெண்டு தடவ ஜாமீன் தள்ளுபடி, குற்றப்பத்திரிகை போட்டும் ஒரு சாட்சிகூட வரல. கஞ்சா கேஸ்னா ஜாமீனே கிடையாதுன்னு ஊர்ல சொல்றாங்க, நெசமா?

பதில்: நெசமில்லம்மா. கஷ்டம், அவ்வளவுதான். கஞ்சா 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு, கொறஞ்சது 10 வருஷம் தண்டனை, அங்கதான் போதைப்பொருள் சட்டத்தோட 37-ஆவது பிரிவு குறுக்க நிக்குது. இவன் குத்தம் பண்ணலன்னு நம்ப காரணம் இருக்கு, வெளிய விட்டா மறுபடி பண்ணமாட்டான், இந்த ரெண்டும் ஜட்ஜுக்குத் தோணணும். விசாரணையே ஆரம்பிக்காம இத எப்படிக் காட்டுறது, பாதிப்பேருக்கு மனு தள்ளுபடி ஆகுறதே இதுலதான்.

மொதல்ல அந்த 22 கிலோவ பாருங்க. மகஜர், அதாவது போலீஸ் சரக்க புடிச்சப்ப அங்கயே எழுதுன பறிமுதல் சீட்டு, அதோட நகல வாங்கி சாக்கோட எடை போட்டாங்களா, சாக்கு இல்லாமலா, காம்பு வேரு எல்லாம் சேத்தான்னு வரி வரியா படிக்கச் சொல்லுங்க, ஏன்னா சட்டப்படி கஞ்சாங்கிறது செடியோட பூவும் காயும் இருக்குற நுனிப்பகுதி, நுனி இல்லாம வெறும் இலையும் விதையும் கணக்குல வராது. உங்க தம்பி கேஸே அந்த மேல இருக்குற 2 கிலோவுலதான் நிக்குது. 20-க்குள்ள வந்துட்டா 37 தொந்தரவு போயிடும்.

அடுத்தது காலதாமதம். சீக்கிரமா விசாரிச்சு முடிக்கணுங்கிறது அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவுல வர்ற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 1979-லயே சொல்லிடுச்சு. 2023-ல ஒரு டெல்லி கஞ்சா கேஸ்ல ஏழு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தவருக்கு ஜாமீன் குடுத்து, விசாரணை இழுத்தடிச்சா 37 தடையா இருக்காதுன்னு சொன்னாங்க. அதே வருஷம் ஒடிசா கேஸ், லாரியில 247 கிலோ, மூணரை வருஷம் ஆகியும் 19 சாட்சியில ஒருத்தரத்தான் விசாரிச்சிருந்தாங்க, அவருக்கும் கிடைச்சுது. 14 மாசம் மட்டும் போதும்னு உங்களுக்கு பொய் நம்பிக்கை குடுக்கமாட்டேன், ஆனா எடையையும் தாமதத்தையும் சேத்து ஹைகோர்ட் மதுரை கிளையில மனு போடலாம். அதுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஏன் தள்ளிப்போச்சுன்னு தேதி வாரியா வேணும், இ-கோர்ட்ஸ் ஆப்ல பாத்து எழுதி வைங்க, நம்ம பக்கத்துல இருந்து மட்டும் வாய்தா கேக்காதீங்க, அது நமக்கே எதிரா திரும்பும்.

இதே நெலமைல இருக்குற மத்தவங்களுக்கு ஒண்ணு. வணிக அளவு கேஸ்ல 180 நாளைக்குள்ள குற்றப்பத்திரிகை வரல, கோர்ட் டைமும் நீட்டிக் குடுக்கலன்னா மறுநாள் காலைலயே, குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி, ஜாமீன் மனு போட்டுடணும். 2020-ல நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுல அப்படித்தான், காலைல மனு, சாயங்காலம் குற்றப்பத்திரிகை, சுப்ரீம் கோர்ட் ஜாமீன் குடுத்துச்சு.

வக்கீலுக்கு காசில்லன்னா கவலப்படாதீங்க, ஜெயில்ல இருக்குறவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் பண்ணுங்க. அடுத்த தடவ ஜெயிலுக்கு தம்பிய பாக்கப் போறப்ப அன்னைக்கு எந்தெந்தத் தோட்டத்துல எத்தன மூட்ட ஏத்துனான், யாரு ஏத்திவிட்டான்னு ஒண்ணொண்ணா கேட்டு எழுதிட்டு வாங்க, துண்டுச்சீட்டு ஏதும் வீட்ல கெடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.