ஜன்னலைக் குறிக்கும் லத்தீனின் 'ஃபெனெஸ்ட்ரா' ஐரோப்பிய மொழிகளில் எப்படியெல்லாம் மாறியது? நம் 'ஜன்னல்' அதிலிருந்து வந்ததா?

ஜன்னலுக்கும் ஃபெனெஸ்ட்ராவுக்கும் உறவில்லை. ஜெர்மன் கற்கத் தொடங்கியபோது வகுப்பறைப் பொருள்கள் மீதெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஜன்னலில் 'ஃபென்ஸ்டர்' என்று இருந்தது. அன்று பிடித்த கிறுக்கு இது.

ஃபெனெஸ்ட்ராவின் வாரிசுகள் நிறையப் பேர். இத்தாலியனில் ஃபினெஸ்ட்ரா, ருமேனியனில் ஃபெரெயாஸ்த்ரா, லத்தீனின் மகளல்லாத வேல்ஸ் மொழியிலும் ஃபெனெஸ்டர். பிரெஞ்சுக்காரர்கள் 'ஸ்' ஒலியை விழுங்கிவிட்டு ஃபெனெத்ர் என்கிறார்கள். விழுங்கியதற்கு அடையாளமாக எழுத்தின் தலையில் குட்டித் தொப்பி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். ஆளை ஜன்னல் வழியே வீசுவதற்கென்றே 'டிஃபெனெஸ்ட்ரேஷன்' என்றொரு சொல் உண்டு. 1618இல் பிராக் கோட்டையில் வீசப்பட்ட மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களில் செயலாளராக இருந்தவருக்குப் பின்னாளில் 'உயர வீழ்ச்சி' என்று பொருள்படும் பிரபுப் பட்டமே கிடைத்தது!

ஆங்கிலத்திலும் 'ஃபெனெஸ்டர்' சில நூற்றாண்டுகள் புழங்கி, 'விண்டோ'விடம் தோற்றது. விண்டோ, வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழிச் சொல். 'காற்றின் கண்' என்று பொருள். ஸ்பானியர்களும் பழைய 'ஃபினியெஸ்த்ரா'வைக் கைவிட்டு, காற்றைக் குறிக்கும் 'வியெந்தோ'வின் உறவாக 'வென்தானா' என்றார்கள். சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வடிவத்துக்கு மானின் கண். வைக்கிங்குகளின் கண்ணும் ஸ்பானியர்களின் காற்றும் ஒரே தொடரில் இருப்பதைப் பார்த்து அன்றிரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

போர்த்துக்கீசியத்தில் ஃபெனெஸ்ட்ரா தேய்ந்து 'ஃப்ரெஸ்தா' ஆகி, வெறும் இடுக்கு என்ற அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஜன்னலுக்கு அவர்கள் வைத்துக்கொண்டது 'ஜனேலா'. லத்தீனில் 'இயானுவா' என்றால் கதவு. அதன் செல்லச் சுருக்கம் இது. ஜனவரிக்குப் பெயர் கொடுத்த ஜேனஸ் என்ற வாசல் தெய்வமும் இதே குடும்பம்தான். இந்தச் 'சிறுகதவு' கப்பலேறி, தமிழில் ஜன்னலாகவும் சிங்களத்தில் ஜனேலயவாகவும் வங்காளத்தில் ஜானாலாவாகவும் மலாயில் ஜெண்டேலாவாகவும் இறங்கியது.

ஆகவே நமக்கு ஜன்னல் கிடைத்தது எந்தக் கப்பல் முந்தியது என்பதைப் பொறுத்துத்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஃபெனெத்ரோடு புதுச்சேரிக்கு வந்தது 1674இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள்.