வீடு மாறினால் உடல்நிலை மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று ஆண்டுகளுக்கு முன் நகரின் பழைய பகுதியிலிருந்து, புறநகரில் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்தோம். வீடு பெரியது, வசதியானது. ஆனால் வந்த பிறகு என் எடை 9 கிலோ கூடிவிட்டது. சென்ற மாதம் பார்த்தபோது இரத்த அழுத்தம் 144/92, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம். எட்டு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. முன்பு தினமும் தனியாக வெளியே போய்வந்த 74 வயது அம்மா இப்போது கீழே இறங்குவதே இல்லை. குடியிருப்பைச் சுற்றி உயரமான மதில்; ஒரே வாயில், அதுவும் நெடுஞ்சாலைப் பக்கம். மகனின் பள்ளி பின்பக்க மதிலுக்கு அப்பால்தான் இருக்கிறது, ஆனாலும் சுற்றிக்கொண்டு காரில்தான் போகிறோம். மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். நான்கே நாளில் விட்டுவிட்டேன். இடம் மாறியதால் இப்படி ஆகுமா, அல்லது என் சோம்பலுக்கு நான் சொல்லும் சாக்கா இது?

பதில்: இது சாக்கு அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் எல்லாத் தொல்லைகளிலும் நீங்கள் வாழும் இடத்தின் அமைப்புக்குப் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்காமல் விடலாம் என்று பொருளல்ல. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்க நினைத்தும் கேட்காமல் தன்னையே நொந்துகொள்பவர்கள் ஏராளம்.

உடல்நலம் குன்றியவர்கள்தான் இப்படிப்பட்ட இடங்களில் வந்து குடியேறுகிறார்களோ, இடம் அவர்களை ஒன்றும் செய்வதில்லையோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. அதற்கு ஓரளவு விடை சொன்னது அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் நடத்திய ஒரு திட்டம். மிகவும் வறிய குடியிருப்புகளில் குழந்தைகளோடு வாழ்ந்த 4,498 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர மட்டும் உதவித்தொகைச் சீட்டு கொடுத்தார்கள். பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கழித்து எல்லோரையும் பரிசோதித்தபோது, அந்தச் சீட்டு கிடைத்த பிரிவில் கடுமையான உடல்பருமனும் நீரிழிவும் கிடைக்காத பிரிவைவிட ஏறத்தாழ நான்கு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைவாக இருந்தன. யாரும் அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு சொல்லவில்லை, மாத்திரை தரவில்லை; முகவரி மட்டுமே மாறியது. புதிய இடத்தின் எந்த அம்சம் இதைச் செய்தது, பாதுகாப்பா, மன அமைதியா, நடக்க வசதியா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. எனினும், ஒருவருடைய உறுதியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதி நோயைத்தான் பார்த்தவர்களாவோம் என்பதற்கு அது போதும்.

இனி உங்களுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். பழைய வீட்டில் நீங்கள் உடற்பயிற்சி என்று எதையும் செய்திருக்க மாட்டீர்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம், மகனைப் பள்ளியில் விட ஐந்து நிமிடம், மறந்துபோன ஒரு பொருளுக்காக மீண்டும் ஒரு முறை தெருமுனை வரை என்று துண்டு துண்டாக நடந்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் சேர்த்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வரும். இப்போது லிஃப்டில் இறங்கி, கீழ்த்தளத்தில் காரில் ஏறி, அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இறங்குகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு. முன்பு அந்தக் கணக்கைத் தெருவே உங்களுக்குத் தெரியாமல் நிறைவேற்றிக் கொடுத்தது. இப்போது அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, உடை மாற்றி, மனத்தைத் தயார்ப்படுத்தி நடக்க வேண்டியிருக்கிறது. நான்கு நாளில் விட்டுப்போனதில் வியப்பில்லை.

வேலையோடு கலந்த சிறு அசைவுகளுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. (ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே இடுப்பளவு கூடியவர்களாக இருந்ததையும் பின்னாளில் அவரே சீருடை அளவுகளை வைத்துக் கண்டறிந்து எழுதினார். அப்படியும் உடலுழைப்பின் பங்கு பொய்யாகிவிடவில்லை. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றன.)

வீடுகள் ஒரு பக்கம், அலுவலகங்கள் வேறொரு பக்கம், கடைகள் இன்னொரு பக்கம் என்று நகரத்தைப் பிரித்து வைத்ததற்கு ஒரு காலத்தில் உடல்நலமே காரணமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில் நகரங்களில் ஆலைப் புகையும் சாக்கடையும் குடியிருப்போடு ஒட்டியிருந்தன. இங்கிலாந்தில் எட்வின் சாட்விக் 1842இல் தந்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1848இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டமும், 1854இல் லண்டனின் ஒரு தெருக்குழாய்க்கும் காலராவுக்கும் உள்ள தொடர்பை ஜான் ஸ்நோ நிறுவியதும், தெருவைச் சீரமைத்தால் நோய் குறையும் என்பதை நடைமுறையில் காட்டின. ஆலைகளைக் குடியிருப்புகளிலிருந்து விலக்கி வைப்பது நியாயமாகவே தோன்றியது. ஆனால் புகை விடாத பள்ளியையும் கடையையும் மருந்தகத்தையும்கூட அதே வழக்கப்படி வீட்டிலிருந்து விலக்கியபோது, அந்தத் தொலைவே வேறு வகை நோய்களுக்கு வழிவகுத்தது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது உங்கள் தாயார்தான். நீங்கள் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியில் நிறைய இருக்கிறது. வாயிலைத் தாண்டியதும் அவர் என்ன பார்க்கிறார் என்று ஒரு நாள் அவரோடு சேர்ந்து நின்று பாருங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு, முழங்கால் உயரம் உள்ள நடைபாதையே ஏற முடியாத படி. அதன் மேல் மின்பெட்டியும் வண்டிகளும் நின்றால் அவர் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போக நடைமேம்பாலம் இருந்தால், அது வாகனங்கள் நிற்காமல் ஓடுவதற்கான வசதியே தவிர அவருக்கான வசதி அல்ல. சிக்னல் இருந்தாலும், பல நாடுகளில் பாதசாரிகள் நொடிக்கு சுமார் 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பார்கள் என்ற கணக்கில்தான் பச்சை விளக்குக்கு நேரம் வைக்கப்படுகிறது. எழுபதைத் தாண்டியவர்களில் மிகப் பலரால் அந்த வேகத்தில் நடக்க இயலாது. நடுவழியில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை, சிறுநீர் அவசரத்துக்குக் கழிப்பறை இல்லை என்றால், அவர் கூச்சத்தால் காரணம் சொல்லாமலே வெளியே போவதை நிறுத்திவிடுவார். இது முதுமையின் இயல்பு என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு தொடைத் தசைகள் மெலிகின்றன, சமநிலை தளர்கிறது, ஒரு நாள் குளியலறையில் விழுகிறார். அப்போது எலும்பு முறிவுக்குத்தான் சிகிச்சை நடக்கும். காரணம் வாயிலுக்கு வெளியே இருந்தது யாருக்கும் நினைவுக்கு வராது.

பேச்சுத் துணை குறைவதும் இதில் சேரும். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு சுமார் 2,000 வண்டிகள் போன தெருவில் இருந்தவர்களுக்கு, சுமார் 16,000 வண்டிகள் போன தெருவில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். உங்கள் தாயார் பழைய இடத்தில் விட்டுவந்தது நடையை மட்டுமல்ல.

அடுத்து, இரவு. தூங்கும்போதும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கனரக வண்டி ஒவ்வொன்றும் கடக்கும்போது நாம் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு கூடுகிறது, உடல் பதற்ற நிலைக்குரிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. இயல்பாக இரவில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ இறங்க வேண்டிய இரத்த அழுத்தம் சரியாக இறங்காமல் போகலாம். சாலைப் போக்குவரத்தின் இரவு இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. நெடுஞ்சாலையோரப் படுக்கையறைகள் பலவற்றில் அது எட்டாத இலக்கு. உங்கள் படுக்கையறை சாலைப் பக்கம் இருந்து, எதிர்ப்பக்கம் ஓர் அறை இருந்தால், இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள். இதை ஒரு மருத்துவ ஆலோசனையாகவே சொல்கிறேன்.

மகனுக்கும் அதே அறை மாற்றம் உதவும். வாகனப் புகையின் செறிவு சாலையோரத்தில்தான் மிகுதி. சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும். சிறுவர்கள் தம் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். நுண்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021இல் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்ததற்கு, குறைந்த அளவிலும் தீங்கு இருப்பது தெரியவந்ததே காரணம். போக்குவரத்து நெரிசல் நேரங்களில் சாலைப் பக்க ஜன்னல்களை மூடி, மற்ற நேரங்களில் எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மருத்துவர் தினசரி இன்ஹேலர் கொடுத்திருந்தால், பையன் நன்றாக இருக்கும் நாட்களிலும் அதை ஸ்பேசரோடு (மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேர இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) தவறாமல் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் தவறு நடக்கிறது.

இனி உங்கள் எண்கள். ஒரே ஒரு முறை பார்த்த 144/92ஐ வைத்து முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் ஏழு நாட்கள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு இரண்டிரண்டு முறை அளந்து குறித்து வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்தான். மருந்து தேவையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. நீங்கள் இன்னும் திரும்பக்கூடிய இடத்தில்தான் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் உடலுழைப்பதையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது.

நெடுஞ்சாலை ஓரமாக அதிகாலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். அது உங்கள் இடத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் குடியிருப்புக்குள்ளேயே நடங்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகக் குறைக்கிறது. முழங்காலில் தொந்தரவு இல்லையென்றால் ஏறும்போது படிகளைப் பயன்படுத்துங்கள். மாலையில் தாயாரையும் கூட அழைத்து வாருங்கள். உள் பாதையில் ஐம்பது அடிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தால் அவர் வரத் துணிவார். அதற்கு முன் அவருடைய கண்பார்வை, முழங்கால், சிறுநீர்க் கட்டுப்பாடு, காலணி ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும். இறங்க மறுப்பதற்கான காரணம் பெரும்பாலும் அவற்றில் ஒன்றாக இருக்கும்.

நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான். இதற்கு மேல் உள்ளதைக் குடியிருப்போர் நலச் சங்கம் வழியாகத்தான் கேட்க வேண்டும், கேட்கவும் வேண்டும். முதலில் அந்தப் பின்பக்க மதில். அதில் ஒரு சிறு வாயில் திறந்து, காலையிலும் மாலையிலும் ஒரு காவலரை நிறுத்தினால், காரில் சுற்றிப்போகும் பயணம் சில நிமிட நடையாகிவிடும். உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, அந்தப் பள்ளிக்குச் செல்லும் எல்லாக் குழந்தைகளுக்கும். நீங்கள் கட்டப்போகும் எந்த உடற்பயிற்சிக் கூடத்தைவிடவும் அந்த வாயில் அதிகப் பேரை நடக்க வைக்கும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவதாக, நடைமேம்பாலத்துக்குப் பதில் சாலை மட்டத்திலேயே கடக்கும் சிக்னலும், முதியவர்களின் நடைக்கு ஏற்ற நேரமும் கேளுங்கள். மூன்றாவது, குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினாலே உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது.

அருகில் பயன்படாமல் குப்பை கொட்டிக் கிடக்கும் மனை இருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். பிலடெல்பியா நகரில் 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் குப்பை அகற்றிப் புல்லும் சில மரங்களும் வளர்த்தார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். பசுமையாக்கிய மனைகளின் அருகில் வாழ்ந்தவர்களிடம் மனச்சோர்வு உணர்வு, அப்படியே விடப்பட்ட மனைகளின் அருகில் இருந்தவர்களோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2018இல் முடிவு வெளியானது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. மனு எழுதும்போது தாயாரின் நடை வேகம், மகனின் மூச்சிரைப்பு பற்றிய மருத்துவச் சான்று இணைத்தால் பயனுண்டு. உங்கள் மருத்துவரிடம் கேட்டால் தருவார்.

நெஞ்சு வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு இரத்த அழுத்தம் 180/120ஐத் தாண்டினாலும், மகன் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் திணறினாலும், காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியையும் எடையையும் மீண்டும் பார்த்து, வீட்டில் குறித்த இரத்த அழுத்தக் குறிப்பேட்டோடு உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். அப்போது தாயாரையும் உடன் அழைத்துச் சென்று, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, நான்கு மீட்டர் தொலைவை எத்தனை நொடியில் நடக்கிறார் என்பதை அளந்து எழுதி வாங்குங்கள்.