மேஜர் சரி, அலைடு என்ன?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் கணிதம் 94, இயற்பியல் 78, வேதியியல் 81. கட் ஆஃப் 173.5. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். அப்பா நெசவாளர். பி.எஸ்சி. மேத்ஸ் படிக்க ஆசை, மதுரையில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கிறது. "மேத்ஸ் படிச்சா டீச்சர் வேலைதான், அதுவும் இப்ப எங்க கிடைக்குது? கவுன்சலிங்ல ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் எடு" என்கிறார் மாமா. அப்பாவும் அந்தப் பக்கம் சாய்கிறார். மேத்ஸில் சேர்ந்து, அது தப்பு என்று பிறகு தெரிந்தால் மாற முடியுமா?

ம., அருப்புக்கோட்டை

அன்புள்ள ம.,

முடியும். மாமா நினைப்பதைவிட நிறைய வழி இருக்கிறது. பி.எஸ்சி. மேத்ஸ் முடித்தால் எம்.சி.ஏ. போகலாம், இப்போது அது இரண்டே வருடம். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் டேட்டா சயின்ஸுக்கே தனி எம்.எஸ்சி. இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பி.இ.தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர லேட்டரல் என்ட்ரி உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு இரண்டுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

என் கவலை வேறு. 94 மதிப்பெண்ணை வைத்து மேத்ஸ் உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லிவிட மாட்டேன். பள்ளிக் கணக்கு என்பது விடை கண்டுபிடிப்பது. கல்லூரியில் முதல் வருடம் பழகிய கால்குலஸாகவே போகும், அப்புறம் ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா என்று வந்தால் பக்கம் பக்கமாக நிரூபணம்தான், எண்ணே கண்ணில் படாது. சென்டம் வாங்கிய பிள்ளைகள் அங்கே திகைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று செய்யுங்கள். ரூட் 2 ஏன் விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணத்தை ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மனப்பாடமாக இல்லாமல், உங்கள் வார்த்தையில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் இன்னொன்று கிடைக்குமா என்று கை தேடினால் மதுரைக்குப் போங்கள். 'சரி, இதனால் என்ன?' என்று தோன்றினால் மாமா சொல்வதைக் கேட்கலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஏ.ஐ. பாடத்திலும் மேட்ரிக்ஸ், நிகழ்தகவு, புள்ளியியல் எல்லாம் இருக்கிறது. கூடவே பைத்தானும் இன்ஜினியரிங் கிராபிக்ஸும் வரும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் மட்டுமல்ல, யாருமே கேட்பதில்லை. அலைடு பாடம், அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம். எங்கள் காலத்தில் ஆன்சிலரி என்போம். நான் பி.எஸ்சி. மேத்ஸில் சேர்ந்த அன்று கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆன்சிலரி பிசிக்ஸா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா?" என்றார். எனக்கு முன்னால் நின்ற பையன் பிசிக்ஸ் என்றிருந்தான், நானும் அதையே சொன்னேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. ஆறு வருடம் கழித்து ஒரு மத்திய அரசு வேலை விளம்பரம் பார்த்தேன். சம்பளம், ஊர், வயது எல்லாம் பொருந்தியது. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. அந்தப் பையனை இன்றும் மனசுக்குள் திட்டுவேன். பாவம், அவன் என்ன செய்வான்.

இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும் இன்று அதே நிபந்தனைதான். புள்ளியியல் மேஜராக இருக்க வேண்டியதில்லை, ஒரு பாடமாக இருந்தால் போதும். டேட்டா சயின்ஸ் பக்கம் போகவும் அது உதவும். அதனால் கட்டணம் கட்டும் முன், முதல் வருடம் என்ன அலைடு, இரண்டாம் வருடம் என்ன, தேர்வு செய்ய விடுவார்களா என்று துறையிலேயே போய்க் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் இருக்கும்மா" என்பார்கள்.

அப்பாவோடு சண்டை வேண்டாம். விஞ்ஞானி சந்திரசேகருக்குக் கணிதம் படிக்கத்தான் ஆசை. மகன் ஐ.சி.எஸ். (வெள்ளையர் காலத்து ஐ.ஏ.எஸ்.) ஆக வேண்டும் என்றிருந்த அப்பாவுக்காகச் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் எடுத்தார், கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்துகொண்டார். 1983இல் நோபல் வாங்கியவரைக் காட்டி ஒரு பிளஸ் டூ பெண்ணுக்கு யோசனை சொல்வது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அந்த வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கிறது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பொறியியல் என்றால் கவுன்சலிங் வழியாகவே போங்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், எந்தப் பட்டப்படிப்பு எடுத்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும்.

மதுரையில் எந்தக் கல்லூரி என்று எழுதவில்லையே. அலைடு என்ன என்று விசாரித்துவிட்டு அதையும் எழுதுங்கள்.