இரண்டு ‘சாரி’கள்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. ஒரு சிறிய இயங்குதளத்தின் செய்தி வரிசை, மொத்தம் அறுநூறு வரி சி நிரல், பிழையில்லாதது என்று, நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் என்ற கருவியில் நிரூபிப்பதுதான் என் வேலை. நிரூபணம் பத்தாயிரம் வரியைத் தாண்டிவிட்டது. இரண்டு லெம்மாக்கள் (துணைத் தேற்றங்கள்) மட்டும் மாதக்கணக்கில் நகரவில்லை. வெளிப்படையாகவே உண்மையானவைதான் என்பதால் ‘சாரி’ (sorry: நிரூபணம் இல்லாமலே இப்போதைக்கு ஏற்றுக்கொள் என்று லீனுக்குச் சொல்லும் சொல்) போட்டு வைத்திருக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டுரை ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. என்னோடு படித்தவர்கள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். “ஒழுங்காக டெஸ்ட் செய்தால் போதாதா?” என்று கேட்கிறார்கள். இப்போது நிரலை இயந்திரமே எழுதுகிறது. இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? ஆய்வை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாமா? தொடர்வதென்றால் லீன், அதைப் போன்ற இன்னொரு கருவியான இசபெல், இரண்டில் எதில் ஆழமாக இறங்குவது?

ர.

அன்புள்ள ர,

உங்கள் கடிதம் வந்தபோது, 1949இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டுக்குக் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டியூரிங் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய நிரல் ஒன்று சரியா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் அதில் அவர் கேட்கும் கேள்வி. கூட்டல் கணக்கை உதாரணம் காட்டுகிறார். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி விடையை மட்டும் போட்டால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு இலக்கத்திலிருந்தும் அடுத்ததற்குக் கொண்டுபோன எண்ணையும் எழுதி வைத்தால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே பார்த்துவிடலாம். நிரலிலும் அப்படி இடையிடையே “இந்த இடத்தில் இது உண்மை” என்று எழுதி வையுங்கள் என்கிறார். கணினி அறிஞர்கள் ராபர்ட் ஃப்ளாய்ட் 1967இலும் அவர் வழியில் டோனி ஹோர் 1969இலும் தர்க்க விதிகளாக வகுத்த பிறகே இது ஒரு துறையாக வளர்ந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்த கையோடு உங்கள் இரண்டு ‘சாரி’களைப் படித்தேன். மனம் அங்கேயே நின்றுவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரை எல்லோருக்கும் திரும்பி வரும். எந்தக் கருவி என்றால், பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர எதற்கு ஆள் கிடைக்கிறாரோ அது. சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லை என்பதைக் காட்டாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொல்லி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நண்பர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். இயந்திரம் நிரல் எழுதட்டும். எழுதியது சரியா என்று கேட்பதற்கு, எது சரி என்று முதலில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும். உங்கள் வேலை கூடுமே தவிரக் குறையாது.

இப்போது சாரிக்கு வருகிறேன். “வெளிப்படையாகவே உண்மை” என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவ்வளவு வெளிப்படை என்றால் அரை நாளில் முடித்திருப்பீர்களே! மாதக்கணக்கில் நகரவில்லை என்றால், அந்த லெம்மா பொய்யாக இருக்கலாம். அல்லது அது ஏன் உண்மை என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் மூடி வைக்கிற விஷயமில்லை.

கோபத்தோடு சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் இதைச் செய்தவன். ஆய்வு மாணவனாக இருந்தபோது நான் நிரூபித்துக்கொண்டிருந்ததும் ஒரு வரிசையைத்தான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ண 32 பிட் எண்ணிகள் இரண்டு. ஓரிடத்தில் நிரூபணம் முரண்டு பிடித்தது. எந்த எண்ணை எடுத்தாலும் அதோடு ஒன்றைக் கூட்டினால் பெரிதாகும் என்று ஒரு வரியை ஆக்சியமாக, அதாவது நிரூபிக்காமலே ஏற்கும் உண்மையாக, சேர்த்தேன். குழந்தைக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றியது. மறுநாளே எல்லாம் முடிந்தது.

என் வழிகாட்டியிடம் காட்டினேன். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கோப்பின் கடைசியில் 0 = 1 என்று ஒரு தேற்றம் எழுதினார். என் ஆக்சியத்தில் 4,29,49,67,295 என்ற எண்ணைப் போட்டார். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அது. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் அதைவிடப் பெரியது என்கிறது என் ஆக்சியம். அந்த முரண்பாட்டை வைத்து அடுத்த வரியிலேயே தேற்றத்தை முடித்தார். கருவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டார். முரண்பாடு ஒன்று இருந்தால் அதிலிருந்து எதையும் நிரூபித்துவிடலாம். நான் நிரூபித்த அத்தனையையும் அதே இரண்டு வரியில் நிரூபித்திருக்கலாம். அவற்றுக்கு நேர் எதிரானவற்றையும்தான். அந்த ஆக்சியத்தை எடுத்தேன். மூன்று இடங்களில் நிரூபணம் உடைந்தது. இரண்டைச் சரிசெய்ய முடிந்தது. மூன்றாவது இடத்தில் நிரலிலேயே பிழை: எண்ணி சுற்றிவரும்போது நிரம்பிய வரிசை காலியாகத் தெரிந்தது.

கற்றுக்குட்டிகள் மட்டும் சறுக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் ‘பைனரி சர்ச்’ (binary search) முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம். கணினி அறிஞர் ஜான் பென்ட்லி சரியென்று நிறுவிக் காட்டிய நிரல் அது. ஜாவா நூலகத்தில் சுமார் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அதை அங்கே எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதில் பிழை இருப்பதை வெளியிட்டார். கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடுகிறது. 100 கோடிக்கு மேல் உறுப்புகள் உள்ள பட்டியல் வரும்வரை யார் கண்ணிலும் படாது. பென்ட்லியின் வாதத்தில் ஓட்டை இல்லை. எண்ணுக்கு எல்லை கிடையாது என்று யாரும் எழுதாமலே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அனுமானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெர்வின் க்ளைன் குழு ஆஸ்திரேலியாவில் 2009இல் சரியென்று நிரூபித்துக் காட்டிய எஸ்இஎல்4 (seL4) கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பாருங்கள். சுமார் 8,700 வரி சி நிரலுக்கு இசபெல்லில் 2 லட்சம் வரி நிரூபணம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அசெம்பிளியில் எழுதிய பகுதி, துவக்க நிரல், வன்பொருள் ஆகியவை சரியென்று நம்பிக்கொண்டுதான் நிரூபித்தோம் என்று கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். எழுதி வைத்ததால்தான் அடுத்து எதில் கைவைப்பது என்று தெரிந்தது. 2013இல் கம்பைலர் தரும் இயந்திர மொழி வெளியீடு (பைனரி) வரை நிரூபணத்தை நீட்டி, அந்த ஒரு நம்பிக்கைக்குத் தேவையில்லாமல் செய்தார்கள். இன்னொன்றும் உண்டு. சி நிரலை நிரூபிக்கும்போது 144 பிழைகள் பிடிபட்டன. நிரூபணம் நகராமல் நின்ற இடத்தில் “வெளிப்படையாகவே உண்மை” என்று அவர்கள் சாரி போட்டிருந்தால் அவற்றில் எத்தனை பிடிபட்டிருக்கும்?

ஒரு தேற்றம் எந்த ஆக்சியங்களின்மேல் நிற்கிறது என்று காட்டும் ‘பிரிண்ட் ஆக்சியம்ஸ்’ (#print axioms) கட்டளையை லீனில் உங்கள் முதன்மைத் தேற்றத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில், சாரியின் அடையாளமான ‘சாரிஆக்ஸ்’ (sorryAx) என்று வரும். பத்தாயிரம் வரியும் இப்போதைக்கு அதன்மேல்தான் நிற்கிறது. பிறகு அந்த லெம்மாக்களைத் தாளில் எழுதி, பூஜ்யத்தையும் அந்த வகையின் மிகப் பெரிய எண்ணையும் கையாலேயே போட்டுப் பாருங்கள். காலியான வரிசை, நிரம்பிய வரிசை இரண்டையும்.

மூன்று ஆண்டுகளாக அறுநூறு வரியை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். அந்த நிரலை எழுதியவரைவிட இன்று உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அலுப்பும் தனிமையும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவை என்ன லெம்மாக்கள் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. நிரலோடு சேர்த்து அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.